ப்ரோபயாடிக், என்சைம், வைட்டமின் டப்பா வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கத்த படிக்கறது எப்படி

வயிறு சரியில்லன்னு சொன்னா போதும், நேச்சுரோபதி பாக்கறவர் ஒரு ப்ரோபயாடிக் (குடலுக்கு நல்லதுன்னு குடுக்கற உயிருள்ள கிருமி) எழுதுவார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு என்சைம் (சாப்பாட்ட உடைச்சு ஜீரணிக்க வைக்கற பொருள்) சிரப் சொல்வாங்க, வாட்சப் க்ரூப்ல ஒருத்தர் மல்டிவைட்டமின் லிங்க் போடுவார், எல்லாத்துக்கும் ஒரே சர்டிஃபிகேட் தான், "இயற்கைங்க, சைடு எஃபெக்டே கிடையாது". முன்பக்கம் இருக்கறது விளம்பரம், அத விடுங்க, டப்பாவ திருப்புங்க.

முதல்ல லைசென்ஸ். 14 இலக்கத்துல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருந்தா அது உணவு கணக்குல விக்கிற சரக்கு, மருந்து இல்ல, மருத்துவ பயன்பாட்டுக்கு இல்லன்னு அதுலயே சின்ன எழுத்துல போட்டிருக்கும். அந்த மாதிரி டப்பாவ கையில வச்சிக்கிட்டு "சுகர் குணமாகும், மூட்டு தேய்மானம் சரியாகும்"னு ஒருத்தர் வித்தார்னா அங்கயே எந்திரிச்சு வந்துடலாம்.

ப்ரோபயாடிக்னா கிருமியோட பேரு முழுசா இருக்கான்னு பாருங்க. முழுப் பேர்ல மூணு பகுதி இருக்கும், உதாரணத்துக்கு லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி, கடைசியில வர்ற ஜிஜி தான் ஸ்ட்ரெயின், அதாவது அந்த கிருமியோட உள்வகை (1983ல அத கண்டுபிடிச்ச கோர்பாக், கோல்டின்ங்கற ரெண்டு பேரோட இனிஷியல் அது). ஆராய்ச்சி எல்லாம் அந்தந்த ஸ்ட்ரெயின வச்சு தான் பண்றாங்க, அதனால வெறும் "லாக்டோபேசில்லஸ் ப்ளெண்ட்"னு மட்டும் இருந்தா எது எதுக்கு வேலை செய்யும்னு யாருக்கும் தெரியாது. 2020ல லாக்டோபேசில்லஸ்ங்கற வகையையே பிரிச்சு பேர மாத்திட்டாங்க, சில டப்பால லாக்டிகேசிபேசில்லஸ்னு இருக்கும், அதே ஆளு தான், பயப்படாதீங்க. நம்ம ஊர் ஸ்ட்ரிப்ல அடிக்கடி பாக்கற லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜெனெஸ்ங்கறது உண்மையில பேசில்லஸ் கோவாகுலன்ஸ், வேற வகை.

அடுத்தது எண்ணிக்கை, சிஎஃப்யுன்னு போட்டிருக்கும், உயிரோட இருக்கற கிருமி எவ்வளவுன்னு அர்த்தம். உணவா விக்கிற ப்ரோபயாடிக்ல ஒரு நாள் அளவுக்கு குறைஞ்சது 10 கோடி இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. ஆனா அந்த எண்ணிக்கை தயாரிச்ச அன்னிக்கா, எக்ஸ்பயரி வரைக்குமான்னு பாருங்க, எக்ஸ்பயரி வரைக்கும்னு போட்டவன் தான் பொறுப்பா பேசறான். எண்ணிக்கை அதிகமா இருந்தா அதிகமா வேலை செய்யும்னு கணக்கு கிடையாது, 500 கோடிய விட 5000 கோடி பத்து மடங்கு நல்லதுன்னு நெனச்சு காச கொட்டாதீங்க.

எதுக்கு சாப்பிடறோம்ங்கறது தான் முக்கியம். "பொதுவா குடல் நல்லா இருக்கணும்"னு வாங்கறது என்னை கேட்டா வேஸ்ட், அதுக்கு மோரும் பழைய சோறும் போதும் (அதுல எந்த ஸ்ட்ரெயின்னு யாரும் கேரன்டி தர முடியாது, சாப்பாடா சாப்பிடுங்க, மருந்தா இல்ல). ஆன்டிபயாடிக் போடும்போது வர்ற வயித்துப்போக்குக்கு சில ஸ்ட்ரெயினுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு. அதுல சாக்கரோமைசஸ் பௌலார்டிங்கறது பாக்டீரியா இல்ல, ஈஸ்ட், ஆன்டிபயாடிக் அத கொல்லாது, ஆனா ஃப்ளுகோனசோல் மாதிரி பூஞ்சைய ஒழிக்க போடற மாத்திரை கொன்னுடும். மத்த பாக்டீரியா வகைய ஆன்டிபயாடிக்ல இருந்து ரெண்டு மணி நேரமாவது தள்ளி போடுங்க, கொதிக்கிற பால்ல கலக்காதீங்க. மெடிக்கல் ஷாப்ல குடுக்கற அந்த 5 மில்லி குட்டி ப்ளாஸ்டிக் குப்பி இருக்கே, பேசில்லஸ் கிளாசி, 200 கோடி ஸ்போர் (ஓட்டுக்குள்ள தூங்கற நிலையில இருக்கற கிருமி), அது பாக்க இன்ஜெக்‌ஷன் மருந்து மாதிரியே இருக்கும், வாய்வழியா குடிக்க மட்டும் தான், நல்லா குலுக்கிட்டு தலைய திருகி எடுத்து அப்படியே குடிக்கலாம், இல்ல தண்ணியில ஊத்திக்கலாம். குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா ஓஆர்எஸ்ஸும் ஜிங்கும் தான் முதல்ல, இதெல்லாம் அதுக்கு அப்புறம். குறைமாசத்துல பொறந்த குழந்தை, கீமோ எடுக்கறவங்க, பெரிய ரத்தக்குழாய்ல லைன் போட்டிருக்கறவங்க, இவங்களுக்கு டாக்டர கேக்காம குடுக்கவே கூடாது, "நல்ல கிருமி"யே ரத்தத்துல ஏறிடும்.

என்சைம்ல மில்லிகிராம பாக்காதீங்க, யூனிட் பாருங்க, எடை எவ்வளவுங்கறத விட எவ்வளவு வேலை செய்யும்ங்கறது தான் கணக்கு. பால் குடிச்சா வயிறு உப்புதுன்னா லாக்டேஸ் (பால் சர்க்கரைய உடைக்கற என்சைம்), அத பாலோட முதல் வாய்லயே போடணும், உப்புன அப்புறம் போட்டு புண்ணியமில்ல. கணையம் வேலை செய்யாதவங்களுக்கு குடுக்கற பான்க்ரியாட்டின் கேப்சூல் நிஜமான மருந்து, டாக்டர் எழுதணும், சாப்பாட்டோட போடணும், உள்ள இருக்கற குருணைய கடிக்கவோ நசுக்கவோ கூடாது, மேல இருக்கற கோட்டிங் போச்சுன்னா வயித்து ஆசிட்லயே செத்துடும். கடையில கேட்ட உடனே குடுக்கற கருப்பு ஜீரண மாத்திரைல டயஸ்டேஸ், பப்பேன்ங்கற என்சைமோட கரித்தூளும் இருக்கும், அந்த கரி நீங்க போடற மத்த மாத்திரையையும் சேத்து உறிஞ்சிக்கும், ரெண்டு மணி நேரம் கேப் விடுங்க. கல்யாண சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டா பரவால்ல, தினம் போட வேண்டியிருந்தா பிரச்சனை வேற. எடை குறையுது, மலத்துல ரத்தம், எண்ணெய் மிதக்கற மாதிரி போகுதுன்னா சிரப்ப வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க.

வீக்கத்துக்கு குடுக்கற செராஷியோபெப்டிடேஸ்ங்கற என்சைம் தெரியும்ல, வலி மாத்திரையோட சேத்து இங்க இன்னும் சகட்டுமேனிக்கு ஓடுது. ஜப்பான்ல அத வித்துட்டிருந்த தக்கேடா கம்பெனி, டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு பாத்ததுல வித்தியாசம் இல்லன்னு 2011லயே தானா வாபஸ் வாங்கிடுச்சு. ப்ரோமெலைன் மாதிரி என்சைம்கள ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க தொடாதீங்க.

வைட்டமின்ல மூணு விஷயம் மட்டும். முடிக்கு போடற பயோட்டின் தைராய்டு டெஸ்ட், மாரடைப்புக்கு பாக்கற ட்ரோபோனின் டெஸ்ட் ரெண்டையும் தப்பா காட்ட வைக்கும், லேப்ல சொல்லிடுங்க. 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணுன்னு தான் எழுதுவாங்க, தினம் ஒண்ணுன்னு போட்டா கால்சியம் ஏறி கிட்னிய அடிக்கும். தைராய்டு மாத்திரை போடறவங்க அயர்ன், கால்சியம் ரெண்டையும் நாலு மணி நேரம் தள்ளி வைங்க. சீந்தில், அமுக்கரா பொடி எல்லாம் மூலிகை தானேன்னு இஷ்டத்துக்கு போடாதீங்க, ரெண்டுலயும் ஈரல் பாதிச்ச கேஸ் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு, கண்ணு மஞ்சளானா உடனே நிறுத்துங்க.

இவ்வளவும் பாத்து வாங்கினா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் ஆரம்பிங்க, மூணையும் சேத்து ஆரம்பிச்சா எது கேட்டுச்சு எது கெடுத்துச்சுன்னே தெரியாது. வயித்துக்குன்னு போடற ப்ரோபயாடிக்குக்கு நாலு வாரம் டைம் குடுங்க, வித்தியாசம் இல்லனா அடுத்த டப்பா வாங்காதீங்க.