பழைய ரஞ்சி சீசனை கொப்பியில எழுதிப் படிக்கிறது எப்பிடி?

பழைய சீசன் ஒண்டை விளங்கோணும் எண்டா ரஞ்சியின்ர (இந்தியாவின்ர உள்ளூர் கிரிக்கெட் போட்டி) முதல் சீசன் 1934-35 ஐ எடுங்கோ. உடன கப் ஆருக்கு எண்டு ஓடாதேங்கோ, அது பம்பாய்க்கு, ஃபைனல்ல வட இந்தியாவை வெண்டவை. முதல்ல ஒரே ஒரு மட்ச்: 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராசும் மைசூரும்.

சதுர றூள் கொப்பியும் பென்சிலும் எடுத்து (பேனை வேண்டாம், கட்டாயம் அழிப்பியள்) ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு பக்கமா விட்டு எழுதுங்கோ. மைசூர் 48, மெட்ராஸ் 130, திருப்பி மைசூர் 59. இப்ப கூட்டுங்கோ, 48ம் 59ம் 107, அதை 130ல கழிச்சா 23, அப்ப மெட்ராஸ் ஒரு இன்னிங்ஸாலயும் 23 ரன்னாலயும் வெற்றி எண்டு நீங்களே கண்டுபிடிக்கிறியள், ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. கணக்கு பிழைச்சா அடுத்த மட்சுக்கு போகாதேங்கோ.

பிறகு போலிங் பக்கம். மெட்ராஸ் போலர் ஏ.ஜி. ராம் சிங் 19 ரன்னுக்கு 6 விக்கெற், பிறகு 16க்கு 5. மொத்தம் 11 விக்கெற், மட்ச் ஒரே நாளில முடிஞ்சுது! எனக்கு இப்பவும் அந்த வரியை எழுதேக்க கை நிக்கும். எங்கட இலங்கை உள்ளூர் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து 1988-89ல தான் கிடைச்சது, யாழ்ப்பாணத்து பிள்ளையள் அடுத்த கொப்பியை அதில தொடங்குங்கோ.