அறவுணர்விலிருந்து கடவுளுக்கு: விவாதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில், போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் மெய்யியல் வகுப்பு எடுக்கிறேன். "மனச்சாட்சி இருக்கிறது, எனவே அதை நமக்குள் வைத்தவன் ஒருவன் இருக்கிறான்" என்று சென்ற போயாவன்று ஒரு மாணவி தொடங்கினார். அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். நானும் அதைச் சொன்னவன்தான்.

"நம்பாதவனிடம் அறம் இராது"

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. இளவயதில் ஒரு மண்டபத்தில் இதையே முழங்கினேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் எழுந்தார். 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் தம் வீட்டுப் பின்னறையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நான்கு நாட்கள் மறைத்து வைத்திருந்ததைத் தமிழிலேயே சொன்னார். கும்பல் கேற்றைத் தட்டியபோது அவர் மனைவி வாசலை மறித்து நின்றாராம். "நான் எந்தக் கடவுளையும் நம்பியதில்லை, தம்பி. அன்று நாங்கள் செய்தது என்ன?"

அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் சபையில் எடுபடவில்லை. எடுபட்டிருக்கவும் கூடாது. நம்பினால்தான் நல்லவராக இருக்கலாம் என்பது நம் வாதமே அல்ல. கும்பல் முழுவதும் தவறென்று கத்தியபோதும் அந்த அம்மையார் செய்தது சரியாகவே இருந்ததே, அந்தச் 'சரி' எதன்மேல் நிற்கிறது என்பதே கேள்வி. அவரை எதிர்ச்சான்றாகக் கண்டு மிரண்டேன்; வாதம் தொடங்க வேண்டிய இடமே அவர்தான். 1788-இல் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் கூடக் கடமையைக் கடவுளிடமிருந்து பெறவில்லை. கடமையை நம் அறிவே விதிக்கிறது என்றார். அறமும் இன்பமும் முடிவில் ஒன்றுசேர வேண்டுமானால் கடவுளை ஏற்றாக வேண்டும் என்றார்.

டார்வின் என்றதும் பின்வாங்குவது

அறவுணர்வு கூடிவாழும் விலங்கியல்பிலிருந்து வளர்ந்தது என்று டார்வின் 1871-இல் எழுதினார். உணர்வு வந்த வழி வேறு, அது காட்டுவது மெய்யா என்பது வேறு. கண்ணும் அப்படி வந்ததுதானே, அதை நம்புகிறோமே என்பார்கள் மாணவர்கள். கண் சரியாகப் பார்த்தால் உயிர் பிழைக்கும். அறத்துக்கும் அது பொருந்துமா? விடையில்லாமல் கண்ணை உவமைக்கு எடுக்காதீர்கள்.

பிளேட்டோவைத் தாண்டிக் குதிப்பது

பிளேட்டோ எழுப்பிய கேள்வி இது: ஒன்று, கடவுள் விரும்புவதால் நல்லதா, நல்லதென்பதால் அவர் அதை விரும்புகிறாரா? இதைப் படிக்காமல் மேடையேற வேண்டாம்.

எதிரே இருப்பவரை மறப்பது

பௌத்தருக்கு வினையும் பயனும் உண்டு, படைத்தவன் இல்லை. வினை அறிவற்ற சடம், அதன் பயனை ஊட்ட ஓர் அறிவு வேண்டும் என்கிறது சைவ சித்தாந்தம். கொழும்பில் விவாதம் சூடேறுவது இந்த இடத்தில்தான். "ஊட்டுபவர் ஏன் வேண்டும்?" என்று மாணவியிடம் பக்கத்தில் இருந்த பௌத்த நண்பர் கேட்டார். அடுத்த போயாவுக்கு விடை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.