மணல் தரை வீட்டில் மழைநீர் சேமிக்க: ஆழம் போகாதீர்கள்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் 40 செ.மீ. என்றால் 37,000 லிட்டர். முற்றத்தில் சிமெண்ட், தெருவில் பேவர் பிளாக். அடியில் மணல் இருந்தும் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும்.

1000 சதுர அடிக்கு 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். ஆகவே 5000 லிட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி) 6 செ.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். மிச்சத்தை மண்ணுக்குள் இறக்க உறைக்குழி, அதாவது சிமெண்ட் உறை வைத்த குழி வேண்டும்.

மாடி. பத்தடிக்கு ஒன்றரை அங்குல வாட்டம் இருக்கட்டும். ஐப்பசிக்கு முன்பே கழுவி விடுங்கள். கருவாடு காயப்போடும் மாடியென்றால் மழை முடியும்வரை அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பைப்புக்கு இரும்பு கிளாம்ப் வேண்டாம், உப்புக்காற்றில் அரித்துவிடும்.

முதல் மழையைக் கழிப்பது. கடல்காற்று கொண்டுவந்த உப்பும் காக்கை எச்சமும் முதல் தண்ணீரில்தான் வரும். 4 இன்ச் இறக்கு பைப்பில் ஒன்பது அடி உயரத்தில் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போடுங்கள். டீக்குக் கீழே எட்டடி நீளத்துக்கு 6 இன்ச் பைப், அடியில் திருகு மூடி. இதில் 40 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதாவது சுமார் அரை மி.மீ. மழை. இது நிறைந்த பிறகே தண்ணீர் டீயின் பக்கவாட்டு வழியில் வடிகட்டிக்குத் திரும்பும். மூடியில் 3 மி.மீ. துளை போட்டால் மழை விட்டதும் தானே காலியாகும். துளை இல்லையென்றால் அடுத்த மழையின் அழுக்கு நேராக சம்ப்புக்குப் போகும்.

வடிகட்டி. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். இதில் வடிந்த தண்ணீர்தான் சம்ப்புக்குப் போகும். அடியில் 20 செ.மீ. பெரிய ஜல்லி, மேலே 15 செ.மீ. சின்ன ஜல்லி, அதன்மேல் நைலான் வலை விரித்து 15 செ.மீ. பருமணல். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு கரையும். கனமழையில் மணல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. டிரம்மின் மேல்விளிம்புக்குக் கீழே 4 இன்ச் ஓவர்ஃப்ளோ வைத்து உறைக்குழிக்கு இழுங்கள். சம்ப்பின் ஓவர்ஃப்ளோவும் அங்கேதான். எல்லா வாயிலும் கொசுவலை.

உறைக்குழி. பலர் தவறு செய்வது இங்கேதான். பழைய போர்வெல் குழாய்க்குள் மழைநீரை விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நம் கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஆழத்தில் விட்ட மழைநீர் உப்போடு கலந்து வீணாகும், மேலாக இறக்கினால் அந்த அடுக்கு தடிக்கும்.

கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றைப் பாருங்கள். தண்ணீர் எட்டடியில் நின்றால் குழி ஐந்தடிக்கு மேல் வேண்டாம். மூன்றடி விட்டத்தில் ஓரடி உயர சிமெண்ட் உறை ஐந்து போதும், சுமார் 1000 லிட்டர் பிடிக்கும். வெறும் குழி தோண்டி அதற்குள் இறங்காதீர்கள். மணல் சரிந்து ஆளை மூடிவிடும். முதல் உறையைத் தரையில் வைத்து, உள்ளே மணலை அள்ள அள்ள அது தானே இறங்கும். மேலே அடுத்ததை ஏற்றுங்கள். அடியில் அரையடி ஜல்லி, மேலே சிலாப். செப்டிக் டேங்கிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

குடிக்க எடுத்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தை பிறந்ததும் டிரம் மணலை வெளியே எடுத்து அலசிக் காயவைத்து மூடி வையுங்கள்.