கிளிக்கூடு துடைக்க வினாகிரியே போதும்

லவ் பேர்ட்ஸ், கிளிக் கூடுகளுக்கென்று கிளீனர் ஸ்பிரே வாங்கிக் காசைச் செலவழிக்காதேங்கோ. வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துத் துடைத்தால் போதும். காய்ந்த எச்சத்தின் மேல் அந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவிட்டால் சுரண்டாமலே கழன்று வரும். துடைக்கும்போது குருவி வேறு அறையில் இருக்கட்டும். நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புளித்த மணம் போன பிறகு திரும்ப விடுங்கோ.

பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரலால் ஓடுவதால், எங்களுக்குத் தும்மலோடு போகிற ஸ்பிரே அதுகளைக் கொன்றே விடலாம். வாசனை ஸ்பிரேயும் நுளம்புச்சுருளும் அப்படித்தான். விறாந்தையில் கூடு இருந்தாலும் அடியில் சுருள் கொளுத்தாதேங்கோ.

துத்தநாகம் பூசின கம்பிக் கூட்டை வினாகிரியில் ஊறப்போடக் கூடாது, பூச்சு கரையும். குருவி நோயில் செத்த கூட்டுக்கும் வினாகிரி காணாது. அதற்கு முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் பிளீச் விட்டு, முற்றத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட்டு அலசவேணும். பிளீச்சும் வினாகிரியும் ஒருநாளும் சேரக் கூடாது: குளோரின் வாயு கிளம்பும், அது ஆட்களுக்கும் நஞ்சு.