விலங்கு மீட்பு மையத்தில் புதிய தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, நோயுற்ற விலங்குகளைப் பிரித்து வைக்கும் தனிமை அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டே நேராக நாய்க்குட்டிகள் இருக்கும் அறையை நோக்கி நடந்தாள். "நில்!" என்று நான் கத்திய கத்தலில் கூண்டுகளில் இருந்த நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கிவிட்டன. அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. கத்தியிருக்க வேண்டாம்தான். ஆனால் அதே நடையை நானும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறேன். அதனால் என்ன நேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கூண்டுக் கதவைத் தாழிடுவது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுவது எல்லாம் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுப்பது

தாயை இழந்த பூனைக்குட்டியைக் கொண்டுவந்தவுடன் எல்லோரும் முதலில் தேடுவது பால் புட்டியைத்தான். பசியில் கத்துகிறதே என்ற பதைப்பு. ஆனால் பிறந்து சில வாரங்கள் வரை குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்திருக்கும்போது அதன் குடல் சரியாக இயங்காது, விழுங்கவும் திணறும். அந்த நிலையில் ஊட்டும் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். முதலில் சூடு, பிறகுதான் பால். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஊட்டும்போது குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காதீர்கள். தாயிடம் குடிப்பதைப் போலவே குப்புற இருக்கட்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவுதான் ஏற்றது.

அறைகளுக்குள் போகும் வரிசையை மாற்றுவது

என்னை இன்றும் உறுத்துவது இந்தத் தவறுதான்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம். முந்தைய நாள் இரவு வந்த ஒரு நாய்க்குட்டியைத் தனிமை அறையில் வைத்திருந்தார்கள். சோர்ந்து கிடந்தது, ஆனால் வாந்தியோ பேதியோ இல்லை. மருந்துத் தட்டை வைத்துவிட்டு வருவது மட்டுமே என் வேலை. அது முனகியது. உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன், மடியில் கூட எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியே வந்து சானிடைசரை நன்றாகத் தேய்த்துக்கொண்டு குட்டிகள் அறைக்குப் போனேன். அங்கே ஏழு வார வயதில் ஐந்து குட்டிகள் இருந்தன. முதல் தடுப்பூசிக்கு மறுவாரம் தேதி குறித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தேன்.

மறுநாளே தனிமை அறைக் குட்டிக்கு ரத்தப் பேதி தொடங்கியது. பரிசோதனையில் பார்வோ என்று தெரிந்தது, நாய்க்குட்டிகளைக் கொல்லும் குடல் வைரஸ் நோய். ஐந்தாம் நாள் குட்டிகள் அறையில் ஒன்று வாந்தி எடுத்தது. ஐந்தில் மூன்று இறந்துபோயின. அன்று அந்த இரண்டு அறைகளுக்கும் போனவர்கள் வேறு யாருமில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயர் மட்டுமே இருந்தது. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "நடுவில் உடை மாற்றினாயா?" என்று மட்டும் கேட்டார்.

"கையைத்தான் சுத்தம் செய்தேனே" என்று அன்று நான் சொன்னேன். இப்போது புதியவர்கள் வாயிலிருந்து அதே வாக்கியம் வரும்போது எரிச்சலை அடக்க முடிவதில்லை. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால், கொழுப்பு உறை உள்ள வைரஸ்களைத்தான் எளிதில் சிதைக்கும். பார்வோவுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் நம் கை பளிச்சென்று இருக்கும், வைரஸும் அப்படியே இருக்கும். கை மட்டுமா? மடியில் வைத்திருந்தேனே, என் சட்டை? செருப்பின் அடிப்பாகம்? இடையில் எடுத்துப் பார்த்த செல்பேசி? கையுறை போட்டிருந்தாலும் அதே கையுறையோடு கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் அடுத்து வருபவர் கைக்கு அது போய்விடும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. நோய்க்குறி தெரிவதற்கு முன்பே வைரஸ் மலத்தில் வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்பதற்குப் பொருளே இல்லை. பல மையங்களில் புதிதாக வந்த விலங்கை 14 நாட்கள் வரை தனியே வைப்பது இதனால்தான். மண்ணிலும் தரை இடுக்கிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் குட்டிகள், அடுத்து ஆரோக்கியமான பெரிய விலங்குகள், அதற்குப் பின் புதிதாக வந்தவை, நோயுற்றவை எல்லாவற்றுக்கும் கடைசியில். தனிமை அறைக்குள் போய்விட்டால் அன்றைக்குத் திரும்பிக் குட்டிகளிடம் போகக் கூடாது. அந்த அறைக்கென்று தனி மேலங்கி, தனிக் காலணி, தனித் துடைப்பம் இருக்கும்; அவை அங்கேயே இருக்கட்டும்.

தரையைச் சுத்தம் செய்வதிலும் அவசரம் கூடாது. அழுக்கின் மேல் பிளீச் ஊற்றிப் பயனில்லை, மலமும் சிறுநீரும் அதன் வேலையைக் கெடுத்துவிடும். முதலில் சோப்புநீரால் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் என்று அன்றன்று புதிதாகக் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்துவிடுகிறார்கள். அந்த 10 நிமிடம்தான் மருந்து. அதுவரை விலங்குகளை வேறிடத்தில் வையுங்கள். நன்றாக அலசிக் காய்ந்த பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள்.

இறந்துபோன மூன்று குட்டிகளின் எடைகளும் பட்டியலில் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசியாகப் பதிந்த எடையும் நான் அன்று பார்த்ததுதான்.

கீறலை மறைப்பது

"சின்னக் கீறல்தான், சொன்னால் இனி வர வேண்டாம் என்பார்கள்" என்று ஒரு மாணவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரேபிஸ் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக மரணம்தான். கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சேர்வதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. முன்பே போட்டிருந்தாலும் கடிபட்ட பின் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வாலை மட்டும் பார்ப்பது

நாயின் உடல் விறைத்து நின்று வால் மட்டும் ஆடினால் கையை நீட்டாதீர்கள்.

தரையில் இருக்கும் பறவைக்குஞ்சைத் தூக்கி வருவது

சில மாதங்களில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொண்டுவருவார்கள். அவற்றில் பல, காப்பாற்றத் தேவையே இல்லாதவை. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் தந்தை அருகிலிருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும். காயமோ உடனடி ஆபத்தோ இல்லையென்றால் அங்கேயே விடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால், முடிந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் அது நேரே உள்ளே போய்விடும்.

வீட்டு மாத்திரை கொடுப்பது

கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

முதல் மாதமே படம் எடுப்பது

வேண்டாம்.

சொல்லாமல் நின்றுவிடுவது

தேர்வு வரும், உடம்புக்கு முடியாமல் போகும், சில இழப்புகளுக்குப் பிறகு வர மனமே இல்லாமலும் போகும். மூன்றும் எனக்கு நேர்ந்திருக்கின்றன. வர முடியாதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருந்து கொடுக்கும் நேரத்துக்கு இன்னொருவரை ஏற்பாடு செய்துவிடலாம். சொல்லாமல் நின்றால் அந்த வேளை மருந்து தவறிப்போகும்.

நான் கத்தியதற்கு அந்த மாணவி திரும்ப வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இன்று காலை வந்துவிட்டாள். குட்டிகள் அறையில் தொடங்கி ஒவ்வொரு கூண்டாக முடித்துக்கொண்டு வந்து, கடைசியில் தனிமை அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். மேலங்கியை மாட்டிக்கொண்டே, "அக்கா, செல்பேசியை நீங்கள் வைத்திருங்கள்" என்று என்னிடம் நீட்டினாள்.