வீடியோ கேமின் காட்சியழகை ஒளியில் தேடுங்கள்

புதிய வீடியோ கேம் ஒன்றை வாங்கும் முன் 4கே என்ற திரைத் தெளிவு எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அது 1080பி திரையைப் போல நான்கு மடங்கு படப்புள்ளிகளை (பிக்சல்களை) தருமே தவிர, அழகைத் தானாகத் தந்துவிடாது.

மாலை ஐந்தரை மணிக்கு முட்டம் கடற்கரையில் நின்று பாருங்கள். அலை நனைத்த பாறை வெயிலைப் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது. அதே பாறையின் உலர்ந்த மேற்பகுதியோ ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிட்டு மங்கலாகத் தெரிகிறது. நல்ல கேமில் ஈரம், உலோகம், துணி ஆகிய ஒவ்வொன்றும் ஒளியை இப்படித் தனித்தனியாக ஏற்கும். என் கணிப்பில் காட்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்குப் பின்னே மலைகள் அடுக்கடுக்காக நீலம் பூத்து மங்குவதைப் போல, கேமிலும் தொலைவிலுள்ளவை வெளுத்துக் கரைகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

நிஜத்தைப் போல இருப்பது மட்டுமே அழகு என்பதில்லை. 2002இல் ஜப்பானில் வெளியான 'செல்டா: விண்ட் வேக்கர்' என்ற கேம் கார்ட்டூன் பாணியில் வரையப்பட்டதால் இன்றும் பழையதாகத் தோன்றுவதில்லை.

கேம் விநாடிக்கு 60 சட்டங்கள் (ஃப்ரேம்கள், அதாவது அடுத்தடுத்து வரும் படங்கள்) என ஓட வேண்டுமானால், ஒரு சட்டத்தை வரைய ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கும். உங்கள் கணினி திணறினால் முதலில் நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றின் தரத்தைக் குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதிய அளவு இருந்தால் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படம்) தரத்தை உயர்வாகவே வைத்துக்கொள்ளலாம்.