பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஒருவரின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

முதலில் அவர் போன கப்பல்களைத் தேட வேண்டாம். பதவி உயர்வுத் தேதிகளைத் தேடுங்கள். லெப்டினன்ட், கமாண்டர், கேப்டன், ரியர் அட்மிரல் என்று ஒவ்வொரு படிக்கும் தேதி கிடைத்துவிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளைக் கப்பல் கப்பலாக நிரப்பிவிடலாம்.

தேதிகளுக்கு நேவி லிஸ்ட். 1814 முதல் அதிகாரபூர்வமாக வெளிவந்த கடற்படை அதிகாரிகள் பட்டியல் இது. பணிமூப்புத் தேதியை இதில் எடுத்து, அரசிதழான லண்டன் கெஜட்டோடு ஒப்பிடுங்கள். கெஜட் இதழின் தேதியைக் குறித்துக்கொள்வது பலர் செய்யும் பிழை. அறிவிப்புக்குள் இருக்கும் தேதிதான் பதவி ஏற்ற நாள்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே ஏடிஎம் (ADM, கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியின் ஆவணங்கள்) 196 வரிசையில் அதிகாரிகளின் பணிப்பதிவேடுகள் இருக்கின்றன. சில பக்கங்களில் மேலதிகாரிகளின் மதிப்பீடும் உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது.

18ஆம் நூற்றாண்டு ஆள் என்றால் ஏடிஎம் 107இல் லெப்டினன்ட் தேர்வுச் சான்றிதழைப் பாருங்கள். ஆனால் அதிலுள்ள வயதை நம்பாதீர்கள். 1758 செப்டம்பரில் பிறந்த புகழ்பெற்ற அட்மிரல் நெல்சன் 1777 ஏப்ரலில் தேர்வானபோது வயது 18தான். சான்றிதழோ 20ஐத் தாண்டியவர் என்கிறது. தேர்வுக்குத் தேவையான, கடலில் ஆறாண்டுப் பணி என்ற கணக்கும் அப்படித்தான்: கப்பலில் கால் வைக்காத சிறுவர்களின் பெயரையும் செல்வாக்குள்ள உறவினர்கள் கப்பல் ஏட்டில் ஏற்றிவைத்தார்கள். ஞானஸ்நானப் பதிவோடு ஒத்துப்பார்த்தே எழுதுங்கள்.

அட்மிரல் என்ற பட்டத்தைக் கண்டதும் கப்பற்படையணியை நடத்தியவர் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்தக் காலத்தில் கேப்டனுக்கு மேலே போவது பணிமூப்பின்படிதான். முறை வந்தும் பொறுப்புத் தர விரும்பாதவர்களை, எந்தப் படையணியும் இல்லாத ரியர் அட்மிரல் ஆக்கி ஓய்வில் வைத்தார்கள். மஞ்சள் அட்மிரல் என்று பேச்சுவழக்கில் சொன்னது இவர்களைத்தான்.

20ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் வேறொரு பொறி. எச்எம்எஸ் (மன்னரின் அல்லது அரசியின் கப்பல்) என்று தொடங்குவதெல்லாம் மிதக்கும் கப்பல் அல்ல. எச்எம்எஸ் எக்ஸலன்ட் போர்ட்ஸ்மத்தில் இருந்த பீரங்கிப் பயிற்சிப் பள்ளி. ஹைஃப்ளையர் 1914இல் போரிட்ட குரூசர் வகைப் போர்க்கப்பல்; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே பெயர் திருகோணமலைக் கரைத்தளத்துக்கு. ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் எடுத்தால் அலுவலகத்தில் இருந்தவரைக் கடற்போருக்கு அனுப்பிவிடுவோம்.

நிகழ்ச்சிகளுக்குக் கேப்டன்களின் லாக் புத்தகங்கள் (கப்பலின் நாட்குறிப்பு ஏடுகள்), ஏடிஎம் 51. 1805 வரை கப்பலின் நாள் முந்தைய நாள் நண்பகலில் தொடங்கியது. 1798 ஆகஸ்ட் 1 மாலையில் தொடங்கிய நைல் போரை லாகில் ஆகஸ்ட் 2இன் கீழ்தான் தேட வேண்டும்.

எல்லாம் நிரப்பிய பிறகும் சில ஆண்டுகள் காலியாக நிற்கும், குறிப்பாக 1815க்குப் பின். பதிவு தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நெப்போலியனுடனான போர் முடிந்ததும் பெரும்பாலான அதிகாரிகள் அரைச்சம்பளத்தில் கரையில் காத்திருந்தார்கள். ஏடிஎம் 25இல் அந்தச் சம்பள ஏடுகள் இருக்கின்றன.